சங்கிலி எண் 317

கூரையில் நானூறு பேர் தொங்குகிறார்கள்,
தலையில்லாமல், காலில்லாமல்.
சட்டையும் கால்சட்டையும் மட்டும்.
கொக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுத்தால்
உடுப்பு மேலே போகும்,
ஆள் பூமிக்குக் கீழே போவான்.
மேலே வெப்பக் காற்றில் எல்லாம் உலர்ந்துவிடும்.
உலராதது ஒன்றுதான்.
அதைச் சங்கிலியில் மாட்ட முடியாது.

ரிப்னிக் பக்கத்துச் சுரங்கம். நான் குளியல்கூடத்து ஆள்.
முகங்கள் எனக்கு அதிகம் பழக்கமில்லை.
கரி அப்பி வருகையில் எல்லாரும் ஒரே தாய் பிள்ளை,
கழுவிப் போகையில் யாரோ எவரோ.
குனிந்து தரை துடைக்கிறவனுக்குப்
பாதம்தானே முகம்.

நவம்பரில் ஒருநாள் அலோய்சி
காலுறையோடு குளித்தான்.
இரும்புத் தூணை ஒற்றை ஆளாய் நிமிர்த்துகிற அலோய்சி.
"பாருங்கடா, புதுப்பெண் கால் காட்ட மாட்டாளாம்!"
சிக்ஃபிரிட்தான் தொடங்கிவைத்தான்.
நீராவிக்குள் சிரிப்பு சுற்றிச் சுற்றி வந்தது.
காலுறையிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒழுகி
வடிகாலுக்குப் போவதையே
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும் அது.
கடைசி இரண்டு விரலுக்கு இடையில்தான் குடியேறும்.
பாலில் ஊறிய ரொட்டியாய்த் தோல் வெளுக்கும்.
பிறகு ஒரு வெடிப்பு.
பிறகு, ரப்பர் பூட்ஸுக்குள்
எட்டு மணி நேரம் சொறிய முடியாத அரிப்பு.
வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி:
தூங்கவும் விடாது, வெளியே சொல்லவும் விடாது.

சேற்றுப்புண் என்று பெயர்.
இங்கே சேறு எங்கே இருக்கிறது?
ஈரம் இருக்கிறது. அது போதும்.

மூன்று குளிர்காலம் நானும் வைத்திருந்தேன்.
மைத்துனன் செருப்பிலிருந்து எனக்கா,
என் செருப்பிலிருந்து அவனுக்கா என்ற வழக்கில்
ஒரு கிறிஸ்துமஸ் விருந்தே நின்றுபோனது.

அன்றிரவு
ஷவருக்கடியில் கிடந்த மரச்சட்டங்களைப் பெயர்த்தேன்.
மீன் வயிறுபோல் வழவழவென்று இருந்தன.
யார் உத்தரவு என்று கேட்டார் மேற்பார்வையாளர்.
உளுத்துப்போச்சு என்றேன்.
உலையில் போட்டால் எரியவில்லை சனியன்கள்,
விடியும்வரை சீறிக்கொண்டிருந்தன.

மறுநாள் 317க்குக் கீழே, பெஞ்சில்
ஒரு ஜோடி ரப்பர் செருப்பு,
ஒரு துண்டு, ஒரு குழாய் மருந்து.
துண்டுச்சீட்டில் எழுதினேன்:
"விரலிடுக்கை முதலில் துடை. பிறகு பூசு.
அரிப்பு நின்றாலும் நிறுத்தாதே என்கிறாள் கடைக்காரி.
யாருக்கும் இரவல் தராதே."
கையெழுத்து போடவில்லை.

ஷிப்ட் முடிந்து கூட்டம் ஏறி வந்தது.
துண்டு அலோய்சி தோளில்.
செருப்பு சிக்ஃபிரிட் காலில்.

துடைப்பத்தோடு போய் நின்றேன்.
"சும்மா கிடந்தது" என்றான்.
குனிந்து பார்த்தேன்.
குதிகால்வரை செதில் செதிலாய்,
அலோய்சியுடையதைவிடப் பழைய கணக்கு.
அவ்வளவு உரக்கச் சிரித்தானே
என்று அப்போதுதான் உறைத்தது.
அவனும் என் தலையைத்தான் பார்த்திருப்பான்.
கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் பேசியது.
"கழற்றாதே" என்றேன். "இனி அது உன்னுடையதே."
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
இன்னொரு ஜோடி வாங்கினேன்.

இப்போதும் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.
ஒரே பெஞ்சில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து,
அவரவர் துண்டு, அவரவர் கால்,
சம்பளம் எண்ணுகிற நிதானத்தோடு
விரல் விரலாய்த் துடைக்கிறார்கள்.
வாசலில் பேருந்து ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
முன்பெல்லாம் ஈரக்காலைக் காலுறைக்குள் திணித்து
ஓடியவர்கள்தான்.

புதிதாய்ச் சேர்ந்த பையன் ஒருவன்
வெறுங்காலோடு ஷவருக்குள் போகப் பார்த்தான்.
நான் வாயைத் திறப்பதற்குள்
இரண்டு குரல் ஒன்றாய் அதட்டின:
"டேய், செருப்பு!"

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுகிறேன்.
நேற்றைய ஜோடி ஜன்னலோரம்
நாக்கை வெளியே தள்ளி
இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.
இன்றையதை அதற்குப் பக்கத்தில் வைக்கிறேன்.
சற்றுத் தள்ளி.